வாடிக்கையாளர் தர மறுத்துவிட்டார்

இது நடந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம், சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். யாரையும் நம்ப வைக்கிற தெம்பு எனக்கு இல்லை. ஆனால் என் போனில் பதினோரு ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. கீழே நான் சொல்கிற நேரமெல்லாம் அதைப் பார்த்துச் சொல்வதுதான். என் ஞாபகத்தை நம்பி எதையும் சொல்லவில்லை. அந்த ஒரு மாதம் நான் என்ன சாப்பிட்டேன் என்றுகூட எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேய்க்கதை என்றதும் நடுச்சாமம், நாய் ஊளை, சுடுகாட்டுப் பாதை என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்து போவீர்கள். இதில் வருவதெல்லாம் பட்டப்பகல். மத்தியானம் மூன்று மணிக்கு மேல்.

என் பெயர் இளவரசு. கடலூர் முதுநகரில் டிராக்டர் உதிரிபாகக் கடையில் கவுண்டர் வேலை. வீடு சிதம்பரத்தில், தண்டவாளத்துக்குக் கிழக்கே. காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு ஏழே முக்காலுக்குத்தான் வீடு. அப்பாவும் நானும் மட்டும்தான். எனக்குக் கல்யாணம் ஆகி, அது முடிந்தும் போய் ஆறு வருடம் ஆகிறது. அதைப் பற்றிச் சொல்ல இங்கே ஒன்றுமில்லை.

அப்பா வைத்திலிங்கம். சேத்தியாத்தோப்பு பக்கம் சர்க்கரை ஆலையில் எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆகஸ்டில் வழுக்கி விழுந்து இடது இடுப்பு எலும்பு முறிந்தது. தகடு வைத்து அனுப்பினார்கள். அதன் பிறகு இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். பிடித்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதைத் தள்ளிக்கொண்டே பாத்ரூம் போவார். க்ர்ர்ர்... க்ர்ர்ர்... என்று தரை முழுக்கச் சத்தம் வரும்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் கேட்டார்.

"எப்பா, ஒரு வாக்கர் வாங்கிக் குடுத்துடுப்பா. அத புடிச்சிகினு நானே போய்க்கிறேன்."

நாலு காலும் கைப்பிடியும் வைத்த அலுமினியச் சட்டம். ஆன்லைனில் ஆயிரத்து முந்நூறு சொச்சம்.

"ஆர்டர் போட்டுட்டேன்பா. வந்துடும்" என்றேன்.

போடவில்லை. கையில் காசு இருந்தது. நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று இரண்டு வாரம் ஓடியது, அவ்வளவுதான். திட்டக்குடியில் இருக்கிற என் தங்கை கயல்விழியிடமும் அதே பொய்யைச் சொல்லி வைத்தேன். நான் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே அப்பா கேட்பார். "வந்துருச்சாப்பா?" தினமும் அதே கேள்வி. எனக்கு எரிச்சலாக வரும். பொய் சொன்னவனுக்குத்தான் கோபம் ஜாஸ்தி.

அக்டோபர் 14, திங்கட்கிழமை. கடையில் கூட்டம். 3:12க்கு அப்பா போன் செய்தார். வாக்கருக்குத்தான் என்று நினைத்துக் கட் செய்தேன். 3:15க்கு மறுபடி. கட் செய்தேன். 3:31க்கு மூன்றாவது தடவை. அதையும் கட் செய்தேன்.

பிறகு அழைப்பு வரவில்லை.

சாயந்தரம் ரயிலில் உட்கார்ந்தபோது மனசு கேட்கவில்லை. பரங்கிப்பேட்டை தாண்டும்போது ஆர்டர் போட்டேன். நேரம் 6:52. டெலிவரிக்காரர்கள் பகலில்தான் வருவார்கள் என்பதால் போன் நம்பர் என்கிற இடத்தில் அப்பாவின் நம்பரைக் கொடுத்தேன். ஓடிபியும் அதற்குத்தான் வரும்.

7:45க்குக் கதவைத் திறந்தேன். பாத்ரூமுக்குப் போகிற நடையில் அப்பா கிடந்தார். நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. கையில் போன். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார்.

"வந்துருச்சாப்பா?"

"நாளைக்கு வந்துடும்பா" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மறுநாள் காலை 5:20க்கு ஆஸ்பத்திரியில் போய்விட்டார். நாலரை மணி நேரம் தரையில் கிடந்திருக்கிறார் என்று டாக்டர் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அழுகை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். ஐஸ் பெட்டியில் அப்பா. நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் தள்ளிக்கொண்டு போன அதே நாற்காலி என்று பாதியில்தான் தெரிந்தது. 11:42க்குப் போனில் ஒரு செய்தி. 'உங்கள் பொருள் உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.' உள்ளே போய் ஆர்டரை ரத்து செய்தேன். காரணம் கேட்டது. வரிசையாக நாலைந்து கொடுத்திருந்தார்கள். 'இனி தேவையில்லை' என்பதை அழுத்தினேன். ஏழு வேலை நாளில் பணம் திரும்ப வரும் என்றது.

கயல்விழி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது முகமே வீங்கியிருந்தது.

"அந்த வாக்கர் மட்டும் ஒழுங்கா வந்து சேந்திருந்தா அப்பா உழுந்திருக்காதுண்ணே. ரெண்டு வாரமாவா ஒரு பொருள அனுப்புவானுங்க? அந்தக் கம்பெனிக்காரன விடாத. கடலூர்ல நுகர்வோர் கோர்ட்டு இருக்கு. கேஸ் போடணும்."

"பாக்கலாம்" என்றேன்.

அப்பாவின் அக்கா தைலம்மாள் அத்தை புவனகிரியிலிருந்து வந்து பதினாறாம் நாள் வரைக்கும் தங்கினார். எல்லாம் அவர் பொறுப்புதான். அப்பாவின் தலை இருந்த இடத்தில் விளக்கு வைத்து, பக்கத்தில் ஒரு சொம்பில் தண்ணீர் வைத்தார். முதல் நாளே எனக்கு ஒன்று சொன்னார்.

"யாரு வந்தாலும் தலைய மட்டும் ஆட்டு. வாங்கன்னு வாயத் தொறந்து சொல்லிடாத. பதினாறு முடியற வரைக்கும் சாவு வூட்ல அந்த வார்த்த கூடாது."

இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் பக்கத்தில் துக்கத்துக்கு வருகிறவர்களை வாங்க என்று அழைக்க மாட்டோம். அவர்களும் போய்ட்டு வரேன் என்று சொல்லாமல் எழுந்து போவார்கள். எனக்கும் தெரியும்.

அப்பாவின் பட்டன் போனை அணைத்தேன். பீரோவில் அவர் வேட்டிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் பர்ஸில்.

அக்டோபர் 22, செவ்வாய். எட்டாம் நாள். மழை. மத்தியானம் கரண்ட் இல்லை. அத்தை அடுப்படியில் முந்தானையை விரித்துப் படுத்திருந்தார். நான் கூடத்தில் தரையில் கிடந்தேன். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை.

வாசல் கேட்டின் கொண்டியைத் தூக்கும் சத்தம் கேட்டது.

"வரலாமா?"

மழையில் குரல் சரியாகக் கேட்கவில்லை. யாரோ ஆம்பிளை.

"வாங்க" என்றேன். "உள்ள வாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. எழுந்து வெளியே போனேன். யாரும் இல்லை. கேட் சாத்தியிருந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஓர் உயரமான அட்டைப்பெட்டி சுவரில் சாய்ந்து நின்றது. அதன் மேல் 'வைத்திலிங்கம்' என்று ஒட்டியிருந்தது.

என் போன் ஒலித்தது. 3:10. 'உங்கள் பொருள் ஒப்படைக்கப்பட்டது. ஓடிபி பகிர்ந்தமைக்கு நன்றி.'

யார் பகிர்ந்தது? அப்போது நான் அதை யோசிக்கவில்லை. ரத்து செய்த பொருள் எப்படி வந்தது என்றுகூட யோசிக்கவில்லை. தொட்டுப் பார்த்தேன். அத்தனை மழையில் பெட்டியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதை மட்டும் கவனித்தேன்.

அத்தை எழுந்து வந்தார்.

"யாருடா வந்தது?"

"கொரியர்."

"வாங்கன்னா சொன்ன?"

நான் பெட்டியை இன்னும் சுவரோரம் தள்ளினேன்.

"ஏன்டா, படிச்சிப் படிச்சி சொன்னனே..."

அதற்கு மேல் திட்டவில்லை. நேராக விளக்குக்குப் பக்கத்தில் போய்ச் சொம்பைப் பார்த்தார். காலையில் விளிம்பு வரைக்கும் நிரப்பியது. பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

"நீ குடிச்சியா?"

"இல்ல."

அத்தை மறுபடி நிரப்பி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். பெட்டியை வெளியிலேயே வைக்கச் சொன்னார். வைத்தேன். காலையில் பார்த்தால் அது கூடத்தில் நின்றது. மழைக்குப் பயந்து அத்தைதான் எடுத்து வைத்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். நான்தான் எடுத்து வைத்தேன் என்று அவர் நினைத்திருக்கிறார். இது பிறகு பேசும்போதுதான் தெரிந்தது.

கயல்விழிக்கு விஷயம் தெரிந்ததும் கொதித்தாள். "செத்தப்பறம் கொண்டாந்து போடறானா? திருப்பி எடுத்துகினு காச குடுக்கச் சொல்லு. ஆர்டர் போட்ட தேதிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புண்ணே. வக்கீல்கிட்ட காட்டணும்."

அந்தத் தேதிதான் என் கழுத்தில் கத்தி. அக்டோபர் 14, 6:52. அவள் அதைப் பார்த்தால் முடிந்தது. நான் ஆர்டரே போடாமல் அப்பாவைக் காக்க வைத்தது தெரிந்துவிடும். பணம் திரும்ப வந்து, பெட்டியும் போய்விட்டால், 'விடு, செட்டில் ஆயிடுச்சி' என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதற்காகத்தான் விடாமல் அலைந்தேன்.

கஸ்டமர் கேரில் ஒரு பெண் பேசினாள். தீபாவளி நெரிசலில், ரத்து செய்வதற்கு முன்பே பொருள் வண்டி ஏறிவிட்டதாம். ஒப்படைத்துவிட்டதால் பணம் தானாக வராதாம். ஆள் வந்து எடுத்துப் போன பிறகு தருவார்களாம். சரி என்றேன்.

அக்டோபர் 26. பிக்கப் நாள். காலையிலிருந்து வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. 5:05க்குச் செய்தி வந்தது.

'பிக்கப் ரத்து. வாடிக்கையாளர் பொருளைத் தர மறுத்துவிட்டார்.'

போன் செய்து கத்தினேன். என்னிடம் இருந்த கோபம் அவ்வளவுதான், அதோடு தீர்ந்தது.

"யாரும்மா மறுத்தது? நான் வீட்லயே இருக்கேன்."

"உங்ககிட்ட போன்ல பேசியிருக்காங்க சார். தேவைப்படுதுன்னு சொல்லியிருக்கீங்க."

"எந்த நம்பர்ல?"

"நாற்பத்தேழுல முடியுற நம்பர் சார்."

அப்பாவின் நம்பர்.

பீரோவைத் திறந்தேன். வேட்டிகள் கலையவில்லை. போன் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. அணைந்துதான் இருந்தது. பூட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். நம்பரை மாற்றச் சொன்னால், போட்ட ஆர்டரில் மாற்ற முடியாது என்றார்கள். ஏதோ ராங் நம்பர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மரத்துப்போன காலில் முள் குத்தினால் தெரியாதே, அப்படி.

தீபாவளிக்கு முதல் நாள் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அத்தை ஊருக்குப் போனார். நவம்பர் 4 முதல் நான் கடலூருக்குப் போக ஆரம்பித்தேன். 5ஆம் தேதி இரண்டாவது பிக்கப். நான் கடையில் இருந்தேன். அதே செய்தி. வாடிக்கையாளர் தர மறுத்துவிட்டார்.

அந்த வாரம்தான் பெட்டி இடம் மாறுவதைக் கவனித்தேன்.

காலையில் கூடத்து மூலையில் வைத்துவிட்டுப் போவேன். சாயந்தரம் வந்தால் நடையில் நிற்கும். ஒரு நாள் அப்பா அறைக் கதவருகில். ஒரு நாள் பாத்ரூம் வாசலில். ஒட்டிய டேப் ஒட்டியபடி. ஒரு கிழிசல் இல்லை. தூக்கிக்கொண்டு போய் மறுபடி மூலையில் வைப்பேன். மொசைக் தரையில் சின்னச் சின்ன வட்டமாகக் கறுப்புக் கறை இருந்தது. நாலு நாலாக. அப்பா அறையிலிருந்து பாத்ரூம் வரை. ஈரத்துணியால் தேய்த்தால் போய்விடும். மறுநாள் மறுபடி இருக்கும். நான் தேய்ப்பேன்.

யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

நவம்பர் 13, புதன்கிழமை. மூன்றாவது பிக்கப். இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் வருவார்கள் என்று சொன்னார்கள். இந்தத் தடவை விடக்கூடாது என்று லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து விடாத மழை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர்.

2:00. பெட்டியைத் தூக்கி வாசற்கதவை ஒட்டி நிறுத்தினேன்.

2:20. கரண்ட் போனது. மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. வீடு இருட்டிக்கொண்டு வந்தது. நான் கூடத்தில், நடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

3:12. போன் அடித்தது.

திரையில் 'அப்பா' என்று இருந்தது.

என் கட்டைவிரல் தானாகப் போய்ச் சிவப்பை அழுத்தியது. அவ்வளவு பழக்கம். அழுத்திய பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது.

பீரோ சாவி பர்ஸில் இருந்தது. தடவிப் பார்த்தேன். இருந்தது.

3:15. மறுபடி அடித்தது.

'அப்பா.'

இந்தத் தடவை எடுக்கப் போனேன். சத்தியமாக எடுக்கத்தான் போனேன். விரல் சிவப்பில் பட்டுவிட்டது.

கட்.

3:15க்குப் பிறகு எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். பதினாறு நிமிடம். போனைத் தரையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து வெளியே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அன்றைக்கு அப்பா அந்தப் பதினாறு நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் முதல் முறையாக நினைத்தேன்.

3:29.

3:30.



3:31.

எடுத்தேன்.

போனுக்குள் மழை பெய்துகொண்டிருந்தது.

அப்புறம் ஒரு சத்தம்.

டொக்... ஸ்ஸ்ர்ர்...

டொக்... ஸ்ஸ்ர்ர்...

ஏதோ ஒன்றை ஊன்றி... ஒரு காலை இழுத்து... மறுபடி ஊன்றி...

போனைக் காதிலிருந்து எடுத்தேன்.

சத்தம் நிற்கவில்லை.

எனக்குப் பின்னால் கேட்டது.

நடையில்.

டொக்... ஸ்ஸ்ர்ர்...

போனை மறுபடி காதில் வைத்தேன்.

"வந்துருச்சாப்பா?"

அதே குரல். கோபம் இல்லை. தினமும் கேட்பாரே, அப்படித்தான் இருந்தது.



"வந்துருச்சுப்பா."

போன் அடங்கியது.

டொக்... ஸ்ஸ்ர்ர்... டொக்...

பாத்ரூம் கதவு திறந்தது.

மூடியது.

உள்தாழ்ப்பாள் விழுந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை...

"சார்! பிக்கப்!"

வெளியே யாரோ கேட்டைத் தட்டினார்கள். 3:38. எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். மழைக்கோட்டு போட்ட ஒருவர் வராந்தாவில் ஏறினார். முப்பது வயதிருக்கும். கழுத்தில் எழிலன் என்று அட்டை தொங்கியது. இந்தப் பகுதிக்கு டெலிவரியும் பிக்கப்பும் அவர்தானாம்.

"பார்சல் எங்க சார்?"

கதவை ஒட்டிப் பார்த்தேன். பெட்டி அங்கே இல்லை.

பாத்ரூம் வாசலில் நின்றது. பாத்ரூம் கதவு உள்ளே தாழிடாமல், ஒருக்களித்துத் திறந்திருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். டேப் அப்படியே இருந்தது.

"பிரிச்சி போட்டோ எடுக்கணும் சார், ரூலு" என்று சொல்லிவிட்டு எழிலன் சின்னக் கத்தியால் டேப்பைக் கிழித்தார். வாக்கரை வெளியே எடுத்தார். தலைகீழாகத் திருப்பினார். நாலு கால் நுனியிலும் ரப்பர் புஷ். நாலும் தேய்ந்திருந்தது. இடது பின்கால் புஷ் ஓட்டை விழுந்து, உள்ளே அலுமினியம் தெரிந்தது. அந்த நுனி ஈரமாக இருந்தது.

"சார், இது யூஸ் பண்ணது. எடுக்க முடியாது."

"டேப்ப இப்ப நீங்கதான கிழிச்சீங்க?"

அவர் டேப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அதான் சார் எனக்கும் புரியல. ஐயா எப்படியாச்சும் பிரிச்சிட்டு திரும்ப ஒட்டியிருப்பாரோ?"

"எந்த ஐயா?"

"அன்னிக்கி வாங்கிகினாரே. கால இழுத்து நடப்பாரே, அவருதான். கேட்டாண்ட நின்னுகினு இருந்தாரு. ஓடிபிய மனப்பாடமா சொன்னாரு. நான் தூக்கிகினு வந்து வெக்கறேன் ஐயான்னேன். வேணாம், இத புடிச்சிகினே போயிடுவேன்னாரு."

"நீங்கதான வரலாமான்னு கேட்டீங்க?"

"நான் கேட்டுக்கு உள்ளயே வரல சார். அவருதான் கேட்டாரு. சொந்த வூட்டுக்குள்ள போறதுக்கு எதுக்கு கேக்கறாருன்னு நெனச்சேன். நீங்க உள்ளேர்ந்து வாங்கன்னீங்க. அப்பறம்தான் போனாரு."

நான் கேட்டைப் பார்த்தேன்.

"பிக்கப்புக்கு ரெண்டு வாட்டி போன் பண்ணப்பவும் அவருதான் எடுத்தாரு. வேணும் தம்பி, எடுத்துட்டுப் போயிடாதன்னாரு. இன்னிக்கி லைன் கெடைக்கல, அதான் நேரா வந்துட்டேன்."

மாலையும் விளக்கும் வைத்த அப்பா படம் கூடத்துச் சுவரில் இருந்தது. எழிலன் நின்ற இடத்திலிருந்து தெரியாது. நானும் சொல்லவில்லை. அவர் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாலு நிமிடத்தில் செய்தி வந்தது. 'பொருள் பயன்படுத்தப்பட்டிருப்பதால் பணத்தைத் திருப்பித் தர இயலாது.'

6:20க்குக் கரண்ட் வந்தது. பீரோவைத் திறந்து அப்பாவின் போனை எடுத்தேன். சார்ஜ் போட்டு, ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக உயிர்ப்பித்தேன். ஓடிபி வந்திருந்தது. படித்த செய்தி என்று காட்டியது. அவர் கூப்பிட்ட நம்பர்களின் பட்டியலைப் பார்த்தேன். அன்று மத்தியானம் என் போனுக்கு வந்த மூன்று அழைப்பும் அதில் இல்லை. என் போனில் இன்றைக்கும் இருக்கிறது.

பட்டியலின் மேலே இருந்தது அக்டோபர் 14. அவர் விழுந்த நாள். 3:12 நான். 3:15 நான். 3:31 நான்.

அதற்கும் மேலே ஒன்று. 3:33. எனக்குத் தெரியாத நம்பர். இரண்டு நிமிடம் பேசியிருக்கிறார்.

அந்தப் போனிலிருந்தே அந்த நம்பரைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தார்கள்.

"ஐயா, சொல்லுங்க ஐயா."

எழிலன்.

"பையன் பேசறேன்" என்றேன். "அக்டோபர் பதினாலாம் தேதி அப்பா உங்களுக்கு போன் பண்ணாரா?"

"ஆமாம் சார். செப்டம்பர்ல ஒரு பார்சல் குடுத்தப்ப நம்பர் வாங்கி வெச்சிகினாரு. அன்னிக்கி போன் பண்ணி, என் பேருல வாக்கர் ஏதாச்சும் வந்துருக்கா பாரு தம்பின்னாரு. கொரலு ஒரு மாதிரி இருந்துச்சி, படுத்துகினு பேசறாப்ல. லிஸ்ட்ட பாத்தேன். அந்த நம்பருக்கு ஆர்டரே இல்ல. அப்படியே சொல்லிட்டேன்."



"என்ன சொன்னாரு?"

"சரி தம்பின்னாரு சார். அப்பறம் சொன்னாரு. சாயந்தரம் போட்டுடுவான் தம்பி, வந்தா எனக்கு போன் பண்ணு, நானே வாங்கிக்கிறேன். அவனுக்குப் பண்ணாத, வேலையில இருப்பான், கட் பண்ணிடுவான்னாரு."

அப்பா அதைச் சொன்னது 3:33க்கு. நான் ஆர்டர் போட்டது 6:52க்கு. 7:45க்கு என்னைப் பார்த்து 'வந்துருச்சாப்பா' என்று கேட்டாரே, அப்போது அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் கேட்டிருக்கிறார். நாளைக்கு வந்துடும் என்று நான் மறுபடி சொன்னதையும் கேட்டுக்கொண்டுதான் போயிருக்கிறார்.

"ஐயா இப்ப எப்படி சார் இருக்காரு?" என்று எழிலன் கேட்டார்.

"நடக்கறாரு" என்றேன்.

அன்றிரவு 8:04க்குக் கயல்விழிக்கு அந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி. கீழே ஒன்றும் எழுதவில்லை. படித்துவிட்டாள் என்று நீல டிக் வந்தது. அவள் போன் செய்ய இருபத்தாறு நாள் ஆனது. வாக்கரைப் பற்றி அவள் கேட்கவில்லை. பணம் வந்ததா என்றும் கேட்கவில்லை.

வாக்கரை நான் மறுபடி பெட்டிக்குள் வைக்கவில்லை. அப்பா அறைக் கதவோரம் நிற்கிறது. காலையில் அங்கே விட்டுவிட்டுப் போனால் சாயந்தரம் பாத்ரூம் பக்கம் நிற்கும். அப்பா நம்பரிலிருந்து பிறகு போன் வரவில்லை. ஆனால் மூன்று மணிக்கு மேல் யார் கூப்பிட்டாலும் நான் கட் செய்வதில்லை. கடையில் கஸ்டமர் முன்னால் நின்றாலும் எடுத்துவிடுவேன். முதலாளி இரண்டு தடவை திட்டினார்.

போன வாரம் ரயிலடிக்குப் பக்கத்தில் இருக்கிற மெடிக்கல் கடைக்குப் போனேன். வாக்கருக்கு ரப்பர் புஷ் கேட்டேன். கடைக்காரர் நாலு எடுத்து வைத்தார்.

"ஒண்ணு போதும்" என்றேன். "இடது பின்கால் மட்டும்தான் தேயுது."

ஜனவரியிலிருந்து இது ஐந்தாவது.